யாழ்ப்பாணத்திலிருந்து ஹோட்டன் சமவெளிக்குச் சொந்தக் காரில்: நடக்க முடியாத அம்மாவோடு போகலாமா?

அச்சுவேலிப் பெடியன் | வெள்ளி இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். பெப்ரவரி தொடக்கத்தில் அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு கனடாவிலிருந்து வருகிறா. நல்லூர், நயினாதீவு, கீரிமலை எல்லாம் போன முறையே காட்டியாயிற்று. இந்த முறை மலை பார்க்க வேண்டும், அதுவும் ஹோட்டன் சமவெளிப் பூங்காவில் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நானே காரில் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன்.

இடிக்கிற இடம் அம்மா. முழங்கால் வருத்தம். நல்லூர் வீதியைச் சுற்றும்போதே இரண்டு தரம் இருந்து எழும்புவா. உலக முடிவுக்கு நடக்கவே மாட்டா. ஆனால் அவவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போகவும் மனமில்லை. பூங்காவுக்குள் காரில் இருந்தபடியே பார்த்துக்கொண்டு போக வீதி இருக்கிறதா, இல்லை வாசலில் காரை விட்டுவிட்டு நடைதானா?

கார் வாகன்ஆர், 660 சிசி. ஐந்து பேர், பெட்டிகள் வேறு. ஏறுமா? கொழும்பு வரை ஓடியிருக்கிறேன், மலையில் ஓடிய பழக்கமில்லை. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் அன்றைக்கே நுவரெலியாவில் இரவுச் சாப்பாடு என்கிறான் மச்சான்.

கச்சான்கொட்டை | வெள்ளி இரவு 8:52

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் தாண்டினால் 660 என்ன, 6600 சிசியும் ஏறாது.

றேடியேற்றர் | வெள்ளி இரவு 9:30

ஏறும். மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அந்தச் சமவெளி இருக்கிற 2100 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி நம்மூரில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இயந்திரம் என்றால் வலுவும் கிட்டத்தட்ட அந்த அளவு குறையும். அச்சுவேலியில் ஏசி போட்டு ஐந்து பேரோடு பறக்கிற கார், நுவரெலியாவுக்கு முன்னால் வருகிற றம்பொடை ஏற்றத்தில் ஏசியை நிறுத்தினால்தான் மூச்சு விடும். அந்தக் குளிரில் ஏசி எதற்கு என்று கேட்காதீர்கள். முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால் அதைப் போக்க ஏசிதான் வேண்டும். ஏற்றத்தில் நிறுத்துங்கள், மூடுபனிப் புகாருக்குள் போடுங்கள்.

எனக்கு யோசனை ஏற்றத்தைப் பற்றி அல்ல, இறக்கத்தைப் பற்றி. எங்கள் குடாநாட்டில் இறக்கம் என்று சொல்ல ஒரு பாலத்தடிகூட உருப்படியாக இல்லை. காலம் முழுக்க கியரை ‘டி’யில் போட்டு, பிறேக்கை மட்டும் நம்பி ஓடிப் பழகிய கால் எங்களுடையது. அந்தக் காலோடு நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை இறங்கினால் முதலில் பிறேக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை விடும். அதற்குப் பிறகும் மிதித்துக்கொண்டிருந்தால் பிறேக் எண்ணெய் கொதிக்கும். எண்ணெய்க்குள் ஆவி வந்துவிட்டால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழசாகப் பழசாகச் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடமாக மாற்றவில்லை என்றால் மாற்றிவிட்டு வெளிக்கிடுங்கள், பெரிய செலவில்லை.

இறக்கத்தில் ‘எல்’ அல்லது ‘எஸ்’, உங்கள் காரில் எது இருக்கிறதோ அதில் போடுங்கள். இயந்திரம் இரையும். பயப்பட வேண்டாம், அதுதான் காரைப் பிடித்து வைத்திருக்கிற சத்தம். பிறேக்கில் காலைத் தொட்டபடியே வைத்திருக்காதீர்கள். வளைவுக்கு முன்னால் ஒருமுறை உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். கருகல் மணம் வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கடையில் ஒரு பிளேன்ரீ குடித்து ஆறும்வரை இருங்கள். சூட்டோடு சில்லில் தண்ணீர் ஊற்றும் கெட்டித்தனம் மட்டும் வேண்டாம், டிஸ்க் வளைந்துவிடும்.

வன்னிவீதி | வெள்ளி இரவு 10:15

மச்சானின் கதையைக் கேட்டு வெளிக்கிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி ஏறத்தாழ 320 கிலோமீற்றர். ஏ9 நல்ல வீதிதான். ஆனால் ஊருக்கு வெளியே 70, ஊருக்குள் 50. வேகம் பார்க்கும் கருவியோடு பொலிஸ் மர நிழலில்தான் நிற்கும். பிறகு கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர். காகிதத்தில் அது சாவகச்சேரிக்கு இரண்டு தரம் போய்வருகிற தூரம். மலையில் அதற்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்கி வையுங்கள். விடியப்புறம் தொடங்கிய ஓட்டம், கண்டிக்குள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து நெரிசல், அதற்குப் பிறகு பின்னேரப் புகாருக்குள் லபுக்கலை வளைவுகள். முதல் தரம் மலை ஓடுகிற ஒருவர் களைத்த கண்ணோடு இதைச் செய்யக்கூடாது.

மாத்தளையில் தங்குங்கள். முத்துமாரியம்மன் கோயில் பிரதான வீதியிலேயே இருக்கிறது, அம்மா அதிகம் நடக்காமல் கும்பிடலாம். அடுத்த நாள் காலை ஆறுதலாக கண்டி, பேராதனை, கம்பளை, புஸல்லாவை என்று ஏறுங்கள். மத்தியானத்துக்கு முன்பே நுவரெலியா.

நாலு மணிக்கு வெளிக்கிடுவதில் இன்னொரு தொல்லை, மாடு. இரவில் தார் சூடாக இருப்பதால் வன்னியில் மாடுகள் வீதியிலேயே படுத்துவிடும். தலை இந்தப் பக்கம் இருந்தால் விளக்கில் கண் மின்னும். முதுகு இந்தப் பக்கம் என்றால் கறுப்பு மாட்டுக்கும் கறுப்புத் தாருக்கும் வித்தியாசம் கடைசி இருபது மீற்றரில்தான் தெரியும். விடிந்த பிறகு பரந்தனைத் தாண்டுகிற மாதிரிக் கணக்குப் போடுங்கள்.

நானுஓயாக்காரி | சனி காலை 6:20

வணக்கம் அண்ணா. நான் இந்தப் பக்கத்து ஆள். முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை போல.

உள்ளே வீதி இருக்கு. யால, வில்பத்து மாதிரி ஜீப் பிடிக்க வேண்டியதில்லை, உங்கள் காரிலேயே போகலாம். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வந்தால் 32 கிலோமீற்றர் அளவில். பட்டிப்பொல வாசலில் டிக்கெட் எடுத்து, காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே ‘பார் இன்’ வரை கார் போகும். வெள்ளைக்காரன் காலத்து வேட்டை விடுதி அது, இப்போது பார்வையாளர் நிலையம். உலக முடிவுக்கு நடை அங்கேதான் தொடங்கும். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வர ஒன்பது கிலோமீற்றருக்கு மேலே. நல்லா நடக்கிறவங்களுக்கே மூன்று மணித்தியாலம். பிள்ளைகளும் அக்காவும் நடக்கட்டும், நீங்க அம்மாவோடு இருங்க.

இன்னொரு விஷயம். போன வழியே திரும்பாதீங்க. மறுபக்கத்தில் ஒஹிய வாசல் இருக்கு. அதன் வழியா இறங்கினால் ஒஹிய, பொரலந்த, வெலிமடை, ஹக்கல, சீத்தா எலிய, திரும்ப நுவரெலியா. முழு வட்டம். பட்டிப்பொல பக்கம் பெரும்பாலும் காடும் புல்லும்தான். ஒஹிய பக்கம் இறங்கும்போது ஊவாப் பள்ளத்தாக்கு காருக்குள் இருந்தே தெரியும். நடக்க முடியாதவங்களுக்கு உலக முடிவுக்குப் பதில் அதுதான் என்று நான் சொல்வேன். வீதி ஒடுக்கம். எதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடணும். ஹோர்ன் அடிச்சு அடிச்சு வளைவு எடுங்க. பின்னாலே எடுத்து ஒதுங்கத் தெரிஞ்சிருக்கணும்.

வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கு அங்கே நிற்கணும். கீழே பலாங்கொடைப் பக்கம் வெயில் ஏற ஏற, சூடான ஈரக்காற்று அந்தச் செங்குத்துச் சுவரில் மேலே ஏறி, குளிர்ந்து மேகமாகிவிடும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு போகிறவங்க 800 மீற்றருக்கு மேல் ஆழமான பள்ளத்தின் விளிம்பில் நின்று வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு வருவாங்க.

அச்சுவேலிப் பெடியன் | சனி காலை 7:05

தங்கச்சி, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒஹிய வழி வாகன்ஆருக்குப் போகக்கூடியதா?

நானுஓயாக்காரி | சனி காலை 7:11

ஆட்டோவே ஓடுது அண்ணா ஒஹியவில். மழை பெய்யாத நாளாக இருந்தால் சரி.

தும்பறை | சனி காலை 9:48

மாத்தளையில் தங்குவதாக இருந்தால் நுவரெலியா எதற்கு? மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் ஏறுங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடர். பாதி வழியில் ஏலமும் மிளகும் மணக்கும். மேலே ஏறினால் காரின் கதவைத் திறக்க விடாமல் காற்று தள்ளும். அந்தப் பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தனை, அதற்கும் ஒரு சின்ன உலக முடிவு என்றே பெயர், வீதியிலிருந்து சிறு நடை. யாழ்ப்பாணத்து ஆளுக்கு ஒரு முழு நாள் மிச்சம். சனக்கூட்டமும் குறைவு. ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாத மலைக்காடு மூன்றையும் சேர்த்துத்தான் 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது. எல்லோரும் ஏன் ஒன்றுக்கே ஓடுகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

வன்னிவீதி | சனி காலை 10:02

றிவர்ஸ்டன் அழகு, மறுக்கவில்லை. ஆனால் மலை ஓடிப் பழகாத ஆளுக்கு அந்த வீதி நுவரெலியாவுக்கு ஏறுகிற ஏ5 வீதியைவிடக் கடினம். சில இடத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். ஈரம் இருந்தால் பிட்டவலவில் அட்டை வேறு. கனடாப் பிள்ளைகளின் காலில் அட்டை ஏறினால் அந்தச் சத்தம் மாத்தளைக்குக் கேட்கும்.

அச்சுவேலிப் பெடியன் | சனி காலை 10:20

தும்பறை அண்ணை, எனக்கும் ஆசைதான். ஆனால் பிள்ளைகள் ‘உலக முடிவு’ என்று போனில் பார்த்துவிட்டு அந்தப் பெயருக்காகவே நிற்கிறார்கள். சின்னது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மல்லாகம் மாமி | சனி மத்தியானம் 1:15

தம்பி, வழிச் சாப்பாட்டை லன்ச் சீற்றில் கட்டாதே. பூங்கா வாசலில் பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கிற லேபிளைக்கூடக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் போத்தலைத் தருவார்கள். எங்கள் ஊர் வான் ஒன்று வந்து நின்றது. இருபது பேருக்குக் கட்டின புளிச்சாதம், எல்லாம் லன்ச் சீற். அந்தக் குளிரில் இரண்டு பெண்கள் வாசலடியில் குந்தியிருந்து ஒவ்வொரு பார்சலாகப் பிரித்து ஒரே சட்டிக்குள் கொட்டினார்கள். மேலே போய் எப்படிப் பிரித்துச் சாப்பிட்டார்களோ தெரியாது. நீ வாழையிலையில் கட்டி மேலே பேப்பர் சுற்று. பருத்தித்துறை வடையைத் தகரப்பேணியில் போடு. பிஸ்கற் பெட்டியையும் முதல் நாளே பிரித்து டப்பாவில் மாற்று. மிக்ஸர் பைக்கற் மலை ஏற ஏறத் தலையணை மாதிரி ஊதிக்கொண்டு வரும். பிள்ளைகளுக்கு அது புதினமாக இருக்கும், நுவரெலியாவிலேயே தின்று முடிக்கச் சொல்லு.

சத்திக்கு மருந்து குடுக்கிறது என்றால் புறப்பட முன்னம் குடுக்க வேண்டும், வந்த பிறகு குடுத்துப் பிரயோசனமில்லை. தேசிக்காய் இரண்டு மூன்று கையில் இருக்கட்டும், தோலை நகத்தால் கீறி மணக்கச் சொல்லு. பிள்ளைகள் வளைவில் போனைப் பார்த்தால் தேசிக்காயும் காப்பாற்றாது. அம்மாவை முன் சீற்றில் இருத்து, கால் நீட்டலாம், தலையும் சுற்றாது.

குளிரைச் சும்மா நினைக்காதே. ஜனவரி, பெப்ரவரி விடியலில் அங்கே புல்லில் உறைபனி படியும். மார்கழித் திருவெம்பாவைக்குக் காதை மூடிக்கொண்டு போகிற நம்மூர் மப்ளர் அங்கே கைக்குட்டைக்குச் சமம். கனடாக்காரி கொண்டு வருகிற ஜக்கற்றை அம்மாவுக்குப் போட்டுவிடு.

ஸ்காபரோப் பனை | சனி இரவு 7:30

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அக்கா கனடாக் கடவுச்சீட்டு என்றால் டிக்கெட் டொலர்க் கணக்கில். உள்ளூர்க் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு, அதற்கு மேல் வரி, வாகனக் கட்டணம். நான் பிறந்தது கோண்டாவில், படித்தது கொக்குவில். டிக்கெட் கவுண்டருக்கு நான் வெள்ளைக்காரன். வெளிக்கிட முன்னம் காசை எண்ணி வையுங்கள்.

சுன்னாகம் சந்தி | சனி இரவு 7:44

அதற்கு வழி இருக்கிறது. அக்காவைப் பின் சீற்றில் வாய் திறக்காமல் இருக்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தால் உள்ளூர்தானே. ஐந்து உள்ளூர் டிக்கெட் எடுங்கள், முடிந்தது.

பனையோலை | சனி இரவு 8:10

சந்தி, ஐந்து டிக்கெட்டுக்கு அடையாள அட்டை கேட்டால் எதைக் காட்டுவார்? அம்மாவை முன்னால் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பொய் சொல்கிற அளவுக்கு அந்தக் காசு பெரிதில்லை. நயாகராவில் கார் நிறுத்தக் கேட்கிற காசை முணுமுணுக்காமல் கட்டுகிறோம். அக்காவுக்கு இரட்டைக் குடியுரிமையும் இலங்கை அடையாள அட்டையும் இருந்தால் அதைக் கையோடு கொண்டு வரட்டும், அது நேர்வழி. பிள்ளைகளுக்குச் சிறுவர் கட்டணம் தனியாக இருக்கும்.

ஸ்காபரோப் பனை | சனி இரவு 8:19

நயாகராவில் எல்லோரிடமும் ஒரே காசுதான் வாங்குகிறார்கள் வாத்தியார். என் புகார் அதுதான்.

பனையோலை | சனி இரவு 9:05

அது நியாயமான புகார், பாராளுமன்றத்தில் பேச வேண்டியது. டிக்கெட் கவுண்டரில் இருக்கிற பையனிடம் பேசி என்ன?

காசை விடுவோம். பெடியன் காரில் இருந்து பார்க்கப் போகிறார், எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். அம்பேவெலவில் மாட்டுப்பண்ணை, காற்றாலை, மரக்கறித் தோட்டம் என்று போய்க்கொண்டிருக்கும். பட்டிப்பொலவைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எல்லாம் நின்று காடு தொடங்கும். இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலதான், அதற்கும் மேலே நீங்கள் ஏறுகிறீர்கள். மலைநாட்டை மொட்டையடித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட ஆங்கிலேயர் இதை மட்டும் ஏன் விட்டார்கள்? 1873-இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டில் கை வைக்க வேண்டாம் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். எல்லா இடத்திலும் அந்தச் சொல் நிற்கவில்லை, நுவரெலியாவைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். இந்த மேட்டுநிலம் தப்பியது. 1969-இல் இயற்கை ஒதுக்கிடம், 1988-இல் தேசிய பூங்கா. மொத்தமே 3160 ஹெக்டேயர். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் கொடுக்கிற ஈரம் அந்தச் சிறு நிலத்தில் இருக்கிறது.

மரங்கள் கூனியபடி, பாசி போர்த்து நிற்கும், காற்று அப்படி. நடுநடுவே நின்றபடியே காய்ந்துபோன மரங்களையும் காண்பீர்கள், அது தீ வைத்ததல்ல. காடு உச்சியிலிருந்து பட்டுக்கொண்டு வருகிறது, பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். வீதியோரம் மஞ்சள் பூ மண்டிக் கிடக்கும் முட்புதரைப் பார்த்து எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள். அது ஐரோப்பாவிலிருந்து வந்த களை, பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போயிருக்கிறார்கள். சிவப்புப் பூ மரம் ஒன்று புல்வெளியில் தனியாக நிற்கும், அது இந்த மண்ணின் மரம். அதைப் படம் எடுங்கள்.

யானை ஒரு காலத்தில் இங்கே இருந்தது. சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் வேட்டையாடித் தள்ளினார்கள், நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர் நிற்கிறது, யானை நிற்கவில்லை. மிச்சம் மரை.

நானுஓயாக்காரி | ஞாயிறு காலை 6:45

மரை வாகனத் தரிப்பிடத்துக்கே வரும் சார். விடியற்காலையில் காருக்குப் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடிக்குள்ளே பார்க்கும், மூக்கிலிருந்து புகை விடும். அண்ணாவின் அம்மாவுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். ஆனால் சாப்பாடு கொடுக்காதீங்க, தடை. கொடுத்துக் கொடுத்துப் பழக்கி, அதுங்க பொலித்தீனையும் சேர்த்துத் தின்னுது. கொம்பு உள்ளது பெரிய மிருகம், பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க.

சுன்னாகம் சந்தி | ஞாயிறு காலை 9:20

லபுக்கலையில் வீதிக்கு மேலேயே கொழுந்து பறிக்கிற பெண்கள் நிற்பார்கள். கூடையோடு சேர்ந்து நின்று படம் எடுங்கள், கையில் நூறு ரூபா கொடுத்தால் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கனடாவில் காட்ட நல்ல படம்.

நானுஓயாக்காரி | ஞாயிறு காலை 9:58

சந்தி அண்ணா, எங்க அம்மா லபுக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுத்தாங்க. பேர் போடுவதற்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கு. குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். படத்துக்கு நிற்கிற நேரத்தில் கூடையில் எதுவும் விழாது. நூறு ரூபாவை வாங்கிக்கொண்டு சிரிக்கிறவங்க சந்தோஷத்தில் சிரிக்கலை. இப்போ சில இடத்தில் பறிக்கிற வேலை இல்லாமல் படத்துக்காகவே கூடையோடு நிற்கிறவங்க இருக்காங்க, அது வேறு, அது அவங்க தொழில். மலையில் வேலையாய் நிற்கிறவங்களைக் கேட்காமல் எடுக்காதீங்க. எடுக்கத்தான் வேண்டுமென்றால் இறங்கிப்போய் பேசுங்க, தமிழ்தானே பேசுறாங்க. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவங்க கண்ணாடியை இறக்கி போனை நீட்டிவிட்டுப் போறதுதான் எங்களுக்கு அதிகம் வலிக்கும்.

சுன்னாகம் சந்தி | ஞாயிறு காலை 10:07

ஒரு படத்துக்கு இவ்வளவு பேச்சா?

மல்லாகம் மாமி | ஞாயிறு காலை 10:30

உன் வீட்டு முற்றத்தில் வெங்காயம் கட்டிக்கொண்டிருக்கிற ஆச்சியை யாரோ காரில் வந்து படம் பிடித்துவிட்டுப் போனால் நீ தடி எடுத்திருப்பாய். பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னது.

வன்னிவீதி | ஞாயிறு பின்னேரம் 4:40

பேச்சு வேறு பக்கம் போவதற்குள் மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது மலையகம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வீதிகள் பல இடத்தில் அறுந்தன, ரயில் பாதை தொங்கியது. அதே வருடம் மே மாதம் கொத்மலை கரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவும் இதே பக்கத்து வீதிதான். பயம் காட்டச் சொல்லவில்லை. முதல் நாள் இரவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் ஆட்களை வெளியேற்றுகிற நிலை. நுவரெலியா, கொத்மலைப் பக்கம் செம்மஞ்சள் வந்தால் மாத்தளையோடு நின்று அடுத்த நாளைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, வீதி திறந்திருக்கிறதா என்று அதில் கேட்கலாம்.

புகாருக்குள் பெரிய வெளிச்சம் போடாதீர்கள், திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். சின்ன வெளிச்சம் போதும். நான்கு சிக்னலையும் மினுக்கிக்கொண்டு ஓடுவது இப்போது ஒரு வியாதி. அப்படி ஓடினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

றேடியேற்றர் | ஞாயிறு பின்னேரம் 5:02

கையெழுத்துப் போடுகிறேன். றம்பொடையில் சுரங்கப்பாதை வரும், உள்ளே போக முன்னம் விளக்கைப் போடுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள்.

அச்சுவேலிப் பெடியன் | திங்கள் இரவு 8:15

எல்லோருக்கும் நன்றி. இப்படி முடிவெடுத்திருக்கிறோம். விடிந்த பிறகு வெளிக்கிட்டு முதல் நாள் மாத்தளை. இரண்டாம் நாள் ஆறுதலாக ஏறி, றம்பொடை ஆஞ்சநேயரையும் கும்பிட்டு நுவரெலியா. மூன்றாம் நாள் விடிய நாலரைக்குக் கிளம்பி ஆறு மணிக்குப் பட்டிப்பொல வாசல். அக்காவும் பிள்ளைகளும் உலக முடிவு வரை மட்டும் போய் அதே வழியில் திரும்பட்டும், நானும் அம்மாவும் காரோடு. பிறகு ஒஹிய வழியாக இறங்கி சீத்தை அம்மன் கோயில். அக்காவுக்கு இரட்டைக் குடியுரிமை இல்லை, வெளிநாட்டு டிக்கெட்தான். தானே கட்டுகிறாவாம். மச்சானுக்குக் கோபம். பிறேக் எண்ணெய் இன்று மாற்றியாயிற்று, பழையது தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

இரண்டு சந்தேகம். பூங்காவுக்குள் வீதியோரம் நினைத்த இடத்தில் காரை நிறுத்தலாமா? பார் இன்னில் அம்மாவுக்குக் கழிப்பறை வசதி எப்படி?

தும்பறை | திங்கள் இரவு 8:31

திரும்பி வரும்போது மாத்தளையில் ஒரு நாள் கூட்டி வையுங்கள். றிவர்ஸ்டனைப் பற்றி இன்னும் ஒருமுறை சொல்ல மாட்டேன்.

நானுஓயாக்காரி | திங்கள் இரவு 9:10

வளைவிலும் ஒடுக்கத்திலும் நிறுத்தாதீங்க அண்ணா. தார் விளிம்பிலிருந்து புல்லுக்குள் சில்லை இறக்காதீங்க, புல் மாதிரித் தெரியும், அடியில் சேறு, கார் இருந்துவிடும். பட்டிப்பொல வாசலைத் தாண்டினதும் தொட்டுபொல மலைக்கு ஏறுகிற ஒற்றையடிப்பாதை தொடங்குற இடம் வரும், அங்கே ஒதுங்கலாம். கழிப்பறை பார் இன்னில் இருக்கு, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். பிளாஸ்கில் சுடுதண்ணி கொண்டு வாங்க.

பெற்றோலை நுவரெலியாவிலேயே முதல் நாள் மாலை அடிச்சிடுங்க. விடியற்காலை அந்த வழியில் திறந்த பெற்றோல் செட் எதுவும் பார்க்க மாட்டீங்க. அப்புறம் ஒஹிய இறக்கத்தில் போன் வேலை செய்யாது, வழியை முன்கூட்டியே இறக்கி வையுங்க. பொரலந்த சந்தியில் ஹப்புத்தளைப் பக்கம் திரும்பாமல் வெலிமடைப் பக்கம் எடுங்க.